விடுபட்ட வரி: இராமானுஜனின் மிகுபகு எண் அட்டவணை – ஒரு மூலபாடத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சீனிவாச இராமானுஜன் 1915இல் வெளியிட்ட மிகுபகு எண்கள் பற்றிய கட்டுரையில் 102 எண்கள் கொண்ட அட்டவணை ஒன்று உள்ளது. அதன் இறுதி எண் 67,46,32,83,88,800. அதில் இடம்பெற வேண்டிய 2,93,31,86,25,600 என்னும் எண் விடுபட்டுள்ளது. இவ்விரு எண்களின் காரணி அமைப்பை ஒப்பிட்டு, அட்டவணையை ஓலைச்சுவடிப் பதிப்பாளர் ஒரு பாடத்தை நோக்கும் முறையில் இக்கட்டுரை நோக்குகிறது. எண்ணின் எழுத்துருவைச் சார்ந்த பண்புகளையும் எண்ணையே சார்ந்த பண்புகளையும் பிரித்தறியாமல் இராமானுஜனைப் போற்றும் வழக்கம் தமிழில் அவருடைய எழுத்தைப் படிக்காமல் விடுவதற்குக் காரணமாகியுள்ளது என்பது இதன் கருத்து. வடசென்னைத் துறைமுகப் பகுதியில் எண் பயன்படும் முறைகள் இதற்கு ஒப்பீடாக அமைகின்றன.

திறவுச் சொற்கள்: இராமானுஜன், மிகுபகு எண், பகாக் காரணி, மூலபாடத் திறனாய்வு, கலைச்சொல், சென்னைத் துறைமுகம், மீஞ்சூர்

முன்னுரை

இராமானுஜன் என்றவுடன் தமிழ் வாசகர் நினைவுக்கு வரும் எண் 1729. பட்னி மருத்துவமனையில் இருந்தவரைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் சுவையற்றது என்றதும், அது இரு கன எண்களின் கூட்டலாக இரு வழிகளில் எழுதத்தக்க மிகச்சிறிய எண் என இராமானுஜன் விடையிறுத்ததும் பள்ளி மேடைகள் தோறும் சொல்லப்படுகின்றன. 1729 என்பது 1, 12 ஆகியவற்றின் கனங்களின் கூட்டல். 9, 10 ஆகியவற்றின் கனங்களின் கூட்டலும் அதுவே. இப்பண்பை 1657இலேயே பிரெஞ்சுக் கணிதர் பிரெனிக்ல் அறிந்திருந்தார் என்பதும், இராமானுஜன் படுக்கையில் கிடந்தபடி அதைத் திடீரெனக் கண்டுபிடிக்கவில்லை, தம் குறிப்பேட்டில் முன்பே பதிந்திருந்தார் என்பதும் அம்மேடைகளில் சொல்லப்படுவது அரிது. சொன்னால் கதையின் சுவை குன்றும்.

கதையில் தவறில்லை. ஆனால் அது இராமானுஜன் எண்களை அணுகிய முறைக்குச் சான்றாக நிற்க முடியாது. தனித்த ஓர் எண்ணின் வியப்பைச் சுட்டுவது வேறு. எண்களை வகைப்படுத்தி, அவ்வகையின் இலக்கணத்தை நிறுவுவது வேறு. இரண்டாவதற்கு முழுமையான சான்று, 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கை இதழில் அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் வெளிவந்த மிகுபகு எண்கள் பற்றிய கட்டுரையாகும். 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வுவழி இளங்கலைப் பட்டம் வழங்கியது இதன் பொருட்டே. அதன் அட்டவணையைத் தமிழில் எவரேனும் வரிவரியாகப் படித்துக் காட்டியிருந்தால் 1729 இவ்வளவு தனிமையில் நின்றிராது.

பகுபதமும் பகு எண்ணும்

தமிழ்க் கணிதக் கலைச்சொற்களில் 'பகா எண்', 'பகு எண்' என்னும் இணை மிகப் பொருத்தமாக அமைந்த ஒன்று. நன்னூலின் பதவியல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் எனப் பிரிப்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். பகுதி, விகுதி, இடைநிலை முதலிய உறுப்புகளாகப் பிரிவது பகுபதம். பிரித்தால் பொருள் தராது நிற்பது பகாப்பதம். ஓர் எண்ணை அதன் பகாக் காரணிகளாகப் பிரிப்பது உறுப்பிலக்கணம் கூறுவதை ஒத்தது. ஒப்புமைக்கு எல்லை உண்டு. பகுபதத்தில் உறுப்புகளின் வரிசை மாறாது; சந்தியும் விகாரமும் உறுப்புகளைத் திரிக்கும். எண்ணில் வரிசை பொருட்டன்று. எந்தக் காரணியும் திரிவதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆங்கிலத்தில் இவ்வகை எண்ணுக்கு வழங்கும் பெயர் 'கூட்டி அமைக்கப்பட்டது' என்னும் பொருளுடையது; தமிழ்ச் சொல் 'பிரியக்கூடியது' என்னும் பொருளுடையது. ஒரே பொருளை இரு மொழிகளும் இரு முனைகளிலிருந்து நோக்குகின்றன. இராமானுஜன் தம் புதிய வகைக்கு அளித்த வரையறை இது: ஓர் எண்ணுக்கு உள்ள காரணிகளின் எண்ணிக்கை, அதனினும் சிறிய எல்லா எண்களின் காரணி எண்ணிக்கையையும் விஞ்சுமானால் அது இவ்வகையைச் சாரும். 12ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறும் வகுக்கும். 12க்குக் கீழ் எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. ஆதலால் 12 இவ்வகையது. 18க்கும் ஆறே காரணிகள். 12 முந்திக்கொண்டதால் 18க்கு இடமில்லை. வரையறை முழுவதும் 'எத்தனை வழிகளில் பகும்' என்பதைப் பற்றியது. ஆங்கிலப் பெயர் இதைச் சுற்றிவளைத்தே உணர்த்துகிறது; தமிழ் நேராகச் சொல்கிறது.

'உயர்' என்னும் அடை இங்குப் பொருந்தாது. உயர்வு ஒரு தரத்தைக் குறிக்கலாம். ஒப்பீட்டைக் கட்டாயம் குறிக்க வேண்டியதில்லை. 'மிகுதல்' என்றால் எதனின் மிகுதல் என்னும் வினா உடன் எழுகிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் பொருள்களுள் ஒப்பும் எல்லையும் அடங்கும். இவ்வகை எண்ணின் இயல்பே அவ்விரண்டும்தான். 'மிகுபகு எண்' என்னும் வடிவத்தை இக்கட்டுரை மேற்கொள்வதற்கு இதுவே காரணம்.

இந்த ஒப்பீட்டுத் தன்மையே 1729இலிருந்து இவ்வகையைப் பிரிக்கிறது. 1729 என்பது 7, 13, 19 ஆகிய மூன்று பகா எண்களின் பெருக்கல். அதற்குக் காரணிகள் எட்டு மட்டுமே. அதனினும் சிறிய 1680க்குக் காரணிகள் 40. பகுத்தல் என்னும் அளவுகோலில் 1729 மிக எளியது.

எண்ணின் பண்பும் எழுத்தின் பண்பும்

அட்டவணையின் இறுதியில் நிற்கும் 67,46,32,83,88,800ஐத் தமிழில் ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு எனப் படிக்கலாம். இவ்வாறு படிப்பதால் அதன் இயல்பு ஒன்றும் விளங்குவதில்லை. பெயர் நீளமானது என்பது மட்டுமே விளங்கும். பேரெண்களுக்குப் பெயரிடும் மரபு தமிழில் பழையது. ஐ, அம், பல் என முடியும் எண்ணுப் பெயர்களைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் குறிக்க, உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என எடுத்துக்காட்டினர். அவை அளவின் பெருமையை உணர்த்தும் பெயர்கள். உள்ளமைப்பை உணர்த்துவன அல்ல.

எண்களின் பண்புகளாகச் சொல்லப்படுவனவற்றுள் சில எண்ணைச் சார்ந்தவை. சில நாம் அதைப் பத்தின் அடிப்படையில் எழுதும் முறையைச் சார்ந்தவை. மகாராட்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த த. இரா. கப்ரேகர் வகுத்த 'ஹர்ஷத்' எண்கள் இரண்டாம் வகைக்கு நல்ல சான்று. தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண் ஹர்ஷத் எண் ஆகும். 1729இன் இலக்கக் கூட்டல் 19. 19ஐ 91ஆல் பெருக்கினால் 1729. நம் அட்டவணையின் இறுதி எண்ணின் இலக்கக் கூட்டல் 63. அதுவும் அவ்வெண்ணை வகுக்கும். விடுபட்ட 2,93,31,86,25,600இன் இலக்கக் கூட்டல் 45, அதுவும் வகுக்கும். மூன்றும் ஹர்ஷத் எண்களே. ஆனால் பன்னிரண்டின் அடிப்படையில் எண்களை எழுதும் ஒருவருக்கு இவ்வகைப்பாட்டின் உறுப்பினர் வேறாவர். மிகுபகு எண்ணோ எந்த அடிப்படையில் எழுதினாலும், எழுதாமலே விட்டாலும், மிகுபகு எண்ணாகவே இருக்கும். கப்ரேகரின் வகைப்பாடு தாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. இலக்கங்களோடு விளையாடும் இன்பம் பல மாணவரைக் கணிதத்தின்பால் ஈர்த்துள்ளது. இரண்டையும் ஒரே தட்டில் 'எண் அதிசயம்' என வைப்பதே குறை.

இராமானுஜன் தம் வகைக்கு நிறுவிய இலக்கணம் சுருங்கச் சொல்லத்தக்கது. மிகுபகு எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2, 3, 5, 7 என இடைவிடாமல் ஒரு பகா எண் வரை எல்லாம் வரும். அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறாது, ஒத்தோ குறைந்தோ செல்லும். இறுதிப் பகா எண்ணின் அடுக்கு 1. இறுதி விதிக்கு 4, 36 ஆகிய இரண்டே விலக்குகள். இலக்கண நூலில் விதியும் புறனடையும் நிற்பது போலவே இவை நிற்கின்றன. அடுத்தடுத்த இரு மிகுபகு எண்களின் விகிதம் மேலே செல்லச் செல்ல 1ஐ நெருங்கும் என்பதையும் அவர் நிறுவினார். இப்பொருளைக் கணிதத்தின் பேரோட்டத்திலிருந்து ஒதுங்கிய ஒன்றாகவே ஹார்டி கருதினார். ஆயினும் சமனிலிகளைக் கையாள்வதில் இராமானுஜன் காட்டிய வன்மையை அவர் பெரிதும் மதித்தார். போர்க்காலப் பணமுடையால் கழகம் கட்டுரையின் ஒரு பகுதியை அச்சிடாது விட்டது. அப்பகுதி நிக்கோலா, இராபின் ஆகிய இரு பிரெஞ்சுக் கணிதரின் குறிப்புகளுடன் 1997இல்தான் இதழில் வெளிவந்தது.

அட்டவணையும் அதன் இடைவெளியும்

அட்டவணை 2இல் தொடங்கி, ஒவ்வோர் எண்ணுக்கும் பகாக் காரணி வடிவையும் காரணிகளின் எண்ணிக்கையையும் தருகிறது. மேல்நிலை மிகுபகு எண்கள் எனத் தனியே வரையறுக்கப்பட்டவை உடுக்குறியிட்டுக் காட்டப்பட்டுள்ளன. கணிப்பொறி இல்லாத காலத்தில், கையால் கணக்கிட்டுப் பதின்மூன்று இலக்கம் வரை சென்ற பணி இது. அதில் ஒரு வரி விடுபட்டது என்பது இன்று கணித நோக்கீடுகளில் பதிவாகியுள்ளது. எந்த எண் விடுபட்டது என்பதோடு அப்பதிவுகள் பொதுவாக நின்றுவிடுகின்றன. அட்டவணையை ஒரு பாடமாகக் கொண்டால், எங்கே விடுபட்டது, அண்டை வரிகள் எவை என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

காரணி எண்ணிக்கையைக் காணும் முறை எளிது. ஒவ்வொரு பகாக் காரணியின் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, கிடைப்பவற்றைப் பெருக்க வேண்டும். 2,93,31,86,25,600இல் 2இன் அடுக்கு 6, 3இன் அடுக்கு 4, 5க்கும் 7க்கும் அடுக்கு 2, அப்பால் 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறை. ஆகவே 7, 5, 3, 3 ஆகியவற்றின் பெருக்கலை 16ஆல் பெருக்க 5040 கிடைக்கிறது. அட்டவணையில் இதற்கு முன் நிற்கும் 2,40,94,02,99,600க்குக் காரணிகள் 4800. பின் நிற்கும் 3,21,25,37,32,800க்கு 5376. இடையில் 5040 உடைய எண் நிற்க வேண்டியது ஐயமற்றது.

இனி அண்டை வரிகள். அட்டவணையில் 23 என்னும் பகா எண் முதன்முதலாகத் தோன்றுவது 64,25,07,46,560இல். அதற்கு முன் உள்ள 48,88,64,37,600 போன்றவை 19இல் முடிபவை. 23 வந்தவுடன் 19இல் முடிபவை மறைந்துவிடுவதில்லை. இரு குடும்பங்களும் சில வரிகளுக்குக் கலந்து வருகின்றன. 64,25,07,46,560 இருபத்துமூன்றின் குடும்பம்; அடுத்த 73,32,96,56,400 பத்தொன்பதின் குடும்பம்; 80,31,34,33,200 மீண்டும் இருபத்துமூன்று; 97,77,28,75,200 பத்தொன்பது; 1,28,50,14,93,120 இருபத்துமூன்று; 1,46,65,93,12,800 பத்தொன்பது. இவ்வாறு ஒன்றுவிட்டு ஒன்று மாறி வந்த வரிசை, பின்னர் 1,60,62,68,66,400, 2,40,94,02,99,600 என இருபத்துமூன்றின் குடும்பத்தைத் தொடர்ந்து இரு முறை தருகிறது. அடுத்து வரவேண்டியது பத்தொன்பதின் குடும்பத்தில் இறுதியாக எஞ்சிய ஓர் எண். அதுவே விடுபட்டது.

அதற்குப் பின் அட்டவணை முடியும் வரை எல்லா எண்களும் 3,21,25,37,32,800இன் எளிய மடங்குகள்: ஒன்றரை, இரண்டு, மூன்று, மூன்றரை, ஐந்து, ஐந்தேகால், ஆறு, ஏழு, பத்து, பத்தரை, பதினான்கு, இருபத்தொன்று. இவ்வெண்ணே உடுக்குறி பெற்ற மேல்நிலை மிகுபகு எண். இதன் முன்னுள்ள இரண்டும் இதன் அரையும் முக்காலும் ஆகும். விடுபட்ட எண்ணுக்கும் இதற்குமுள்ள விகிதமோ 21க்கு 23. அரை, முக்கால், ஒன்று, ஒன்றரை, இரண்டு என ஒழுங்காகச் செல்லும் நிரலில் 23ஐ விலக்கி வந்து நுழையும் ஒன்று கண்ணில் படாமல் போவது இயல்பு. இராமானுஜன் எந்த முறையில் நிரலை அமைத்தார் என்பதை அச்சுப் பக்கத்தைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. ஆனால் பிழை கண்டபடி நேர்ந்ததன்று, இரு குடும்பங்கள் பிரியும் எல்லையிலேயே நேர்ந்தது என்று அமைப்பைக் கொண்டு சொல்லலாம். ஓலையில் ஒரே சீருடன் தொடங்கும் இரு அடிகளுள் ஒன்றைப் படியெடுப்போர் தாண்டிச் செல்வதைப் பதிப்பாளர் நன்கறிவர். இங்கும் ஒரு வகையான ஒழுங்கே கண்ணை ஏமாற்றியிருக்க வேண்டும்.

இன்னொரு செய்தி இதனினும் வலியது. இறுதி எண்ணான 67,46,32,83,88,800இல் 2இன் அடுக்கு 6, 3இன் அடுக்கு 4, 5க்கும் 7க்கும் அடுக்கு 2, பின் 11, 13, 17, 19, 23. அதாவது விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கியதே இறுதி எண். காரணிகள் 5040இன் இருமடங்காகிய 10,080. அட்டவணை தாண்டிச் சென்ற வரி அட்டவணையின் கடைசி வரிக்குள் உறுப்பாக நிற்கிறது. 5040, 10,080 ஆகிய இரண்டும் தாமே மிகுபகு எண்கள் என்பது ஒரு துணைச்செய்தி. இவற்றுள் 5040, பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் நகரத்துக்கு வகுத்த குடிமக்கள் தொகை; பல வகையாகப் பங்கிட இசையும் என்பதே அவர் காட்டிய காரணம்.

உ. வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்துப் பின் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். இராமானுஜன் அதே கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தது 1904இல். ஓராண்டு இடைவெளியில் இருவரும் ஒரே வகுப்பறைகளைக் கடந்தனர். ஒருவர் பாடத்தின் சிதைவையும் விடுபாட்டையும் மறைக்காமல் குறித்துக் காட்டுவதே மூலத்துக்குச் செய்யும் மதிப்பு என்பதைத் தம் பதிப்புகளால் நிலைநாட்டினார். மற்றவரைத் தமிழுலகம் போற்றும் முறையிலோ அந்த நேர்மை இன்னும் வந்து சேரவில்லை. மேதையின் அட்டவணையில் பிழை உண்டு எனச் சொல்வது அவமதிப்பாகக் கருதப்படும் இடத்தில் அட்டவணை படிக்கப்படுவதில்லை, சட்டமிட்டு மாட்டப்படுகிறது.

துறைமுகத்தின் எண்கள்: கடற்கரை முதல் மீஞ்சூர் வரை

இராமானுஜன் 1912 மார்ச் 1ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்குத் துணைநின்றனர். 1913 சனவரி 16 நாளிட்டு ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற மடலில் அவர் தம்மை இத்துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்றே அறிமுகம் செய்துகொண்டார். 1914 மார்ச் 17 அன்று இதே துறைமுகத்திலிருந்து நெவாசா கப்பலில் புறப்பட்டார்.

துறைமுகக் கணக்குக்கும் பகுத்தலுக்கும் உள்ள தொடர்பை மிகைப்படுத்தக் கூடாது. கணக்கு எழுதியதால் மிகுபகு எண் பிறந்தது என்பது கதைகட்டல். ஆயினும் அக்காலக் கணக்கர் நாள்தோறும் பகுத்தலில் உழன்றனர் என்பது உண்மை. ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பை. ஆக ரூபாய்க்கு 192 பை. 192க்குக் காரணிகள் 14. அவர் சென்று சேர்ந்த இங்கிலாந்தில் ஒரு பவுன் 240 பென்னி. 240 மிகுபகு எண், காரணிகள் 20. தமிழ்ப் பின்ன மரபில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. சோழர் கல்வெட்டுகளின் நில அளவுகள் இப்பின்னங்களால் எழுதப்பட்டன. 320 என்பது 2இன் ஆறாம் அடுக்கை 5ஆல் பெருக்கியது. 3 அதில் இல்லை. எனவே காரணிகள் 14 மட்டுமே. மூன்றில் ஒரு பங்கை முந்திரியால் சரியாக எழுத முடியாது. பகா எண்கள் இடைவிடாமல் வர வேண்டும் என்னும் இராமானுஜனின் விதி எதைக் கேட்கிறது என்பதை இந்த ஒரு குறை விளக்கிவிடும். பாதியாகவும் ஐந்தாகவும் பிரிக்கும் தேவை நில அளவில் மிகுந்திருந்ததால் நம் முன்னோர்க்கு அது குறையாகப் படவில்லை போலும்.

துறைமுகத் தொழில் இன்று வடக்கே நகர்ந்துள்ளது. எண்ணூரில் 2001இல் இயங்கத் தொடங்கிய துறைமுகம் இன்று காமராசர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு வழியே மீஞ்சூர் செல்லும் இருப்புப்பாதைக்கு இணையாக, சரக்குப் பெட்டகம் ஏற்றிய கன்டெய்னர் லாரிகளின் போக்குவரத்தும் இப்பகுதியின் அன்றாடக் காட்சி. மீஞ்சூர்ச் சாலையில் நிற்கும் எந்தப் பெட்டகத்தின் கதவிலும் நான்கு எழுத்துகளும் ஆறு இலக்கங்களும், கட்டமிட்ட ஓர் இலக்கமும் காணப்படும். அந்த ஏழாம் இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். இங்கு எண் அளவைக் குறிப்பதன்று, பெயர். பெயரைப் படியெடுக்கையில் பிழை நேர்ந்தால் அறிய வேண்டும் என்பதே தேவை.

ஐஎஸ்ஓ 6346 என்னும் பன்னாட்டுத் தரம் அதற்குக் கையாளும் வழி கவனத்துக்குரியது. எழுத்துகளுக்கு எண்மதிப்பு அளித்து, பத்து இடங்களையும் முறையே 1, 2, 4, 8 என 512 வரை இரட்டிக்கும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்துவரும் மீதியே சரிபார்ப்பு இலக்கம். மீதி 10 ஆனால் 0 என எழுதுவர். 11 பகா எண். இப்பத்து எடைகளையும் 11ஆல் வகுத்தால் வரும் மீதிகள் 1, 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6. ஒன்று முதல் பத்து வரை ஒவ்வொன்றும் ஒரே முறை. ஆகவே ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும், இரு வேறு இலக்கங்களை இடம் மாற்றினாலும் மீதி மாறியே தீரும். 0, 10 என்னும் இரு மீதிகளும் ஒரே குறியால் எழுதப்படுவதே தப்பும் வழி. பங்கிட வேண்டிய இடத்தில் பகு எண் வேண்டும். பிழை பிடிக்க வேண்டிய இடத்தில் பகா எண் வேண்டும். மீஞ்சூரின் பெட்டகமும் பழைய கணக்குப் பிரிவின் ரூபாய்–அணாவும் எண்ணின் இவ்விரு இயல்புகளை எதிரெதிராக நின்று காட்டுகின்றன.

இராமானுஜனின் அட்டவணைக்கு அத்தகைய சரிபார்ப்பு இலக்கம் இல்லை. 102 வரிகளில் ஒவ்வொன்றும் தன்னளவில் உண்மை; எந்த வரியும் பொய்யன்று. பிழை வரிகளுக்கு இடையில் உள்ளது. தனித்தனி எண்ணாகப் பார்த்து வியக்கும் கண்ணுக்கு அது எந்நாளும் தென்படாது. முந்தியதையும் பிந்தியதையும் ஒப்பிடும் வாசிப்புக்கே தென்படும். மிகுபகு எண்ணின் வரையறையே ஒப்பீடு என்பதால், அட்டவணையைப் படிக்கும் முறையும் ஒப்பீடாகவே இருக்க வேண்டியுள்ளது.

தமிழ்ப் பதிப்புக்குச் சில குறிப்புகள்

வடசென்னையில் இராமானுஜன் வாசிப்புக்கு ஒரு மரபு உண்டு. முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்த பி. கே. சீனிவாசன், இராமானுஜனின் மடல்களையும் அவரை அறிந்தோரின் நினைவுகளையும் திரட்டி 1968இல் இரு தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் உருவாக உழைத்தவரும் அவரே. ஆவணத்தைத் திரட்டும் அக்கறையும், அதைப் பள்ளி மாணவர் கையில் தரும் அக்கறையும் ஒருவரிடமே இணைந்திருந்தன. அந்த வழியில் அடுத்த பணியாக அட்டவணையைத் தமிழில் பதிப்பிக்கலாம்.

அப்பதிப்பில் 2,40,94,02,99,600இன் கீழ் விடுபட்ட வரி பகர அடைப்புக்குள் அச்சிடப்பட வேண்டும்; அச்சு மூலத்தில் இல்லாதது என்னும் குறிப்பு அடியில் வர வேண்டும். மூலத்தைத் திருத்திவிட்டு ஓசையின்றி 103 என எண்ணுவது, பிழையை மறைப்பதைப் போலவே தவறு. பகாக் காரணி வடிவை அடுக்குகளோடு தருவது இன்றியமையாதது. எண்ணை மட்டும் தந்தால் 19, 23 ஆகிய இரு குடும்பங்களின் கலப்பு கண்ணுக்குப் புலப்படாது. இராமானுஜன் இட்ட உடுக்குறிகள் அப்படியே நிற்கட்டும். கலைச்சொல்லில் 'மிகுபகு எண்' ஒருமுகமாக வழங்கப்படுமானால், 'மேல்நிலை மிகுபகு எண்' என்பது அதன் உட்பிரிவாக இயல்பாய் அமையும்.

பகாக் காரணிப்படுத்துதல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளைத் தாண்டியவுடன் கற்பிக்கப்படுகிறது. மீஞ்சூரிலோ எண்ணூரிலோ அவ்வகுப்பை முடித்த மாணவர் ஒருவர் இப்பதிப்பைக் கையில் கொண்டால், 1,46,65,93,12,800 என்னும் வரியை எடுத்து இரட்டிக்கலாம். 2இன் அடுக்கு 5இலிருந்து 6 ஆகும். காரணிகள் 4320ஐ 6ஆல் வகுத்து 7ஆல் பெருக்க 5040 ஆகும். கிடைக்கும் எண் 2,93,31,86,25,600. பின்னர் அது அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று அவர் தேடத் தொடங்குவார்.